சான்றிதழோடு கருவியும் வேண்டும்

(தொழிற்பயிற்சி மையமொன்றின் நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சான்றோர் பெருமக்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி என் தகுதிக்கு மேலாகவே எடுத்துரைத்த செயலாளர் அம்மையார் அவர்களே, இந்த மையத்துக்கு இடமும் வெளிச்சமும் தந்து உதவிய கொடையாளர்களே, மாதக்கணக்கில் பொறுமையோடு கற்றுக்கொடுத்த பயிற்றுநர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அன்புத் தங்கைகளே, தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இவர்களை இங்கே அனுப்பிவிட்டு வீட்டு வேலைகளைத் தாமே சுமந்த தாய்மார்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கத்தைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பயிற்சி, கருவி, சந்தை என மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். மூன்றுக்கும் பொருந்தும் பழமொழி ஒன்று நம்மிடம் உண்டு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

உலக அளவில் இளைஞர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அப்படி இருப்பவர்களில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். சோம்பலால் அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் சமைப்பதும் தண்ணீர் கொண்டுவருவதும் இந்தக் கணக்கில் வேலையாக ஏறுவதில்லை. ஆகவே பயிற்சி வகுப்பின் நேரத்தை முடிவு செய்யும்போது, அந்தப் பெண்ணுக்கு எந்த நேரம் ஒழியும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பயிற்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவே.

இனி என் நெஞ்சில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மையத்தில் நான் தையல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் ஒரு பெண் இருந்தாள். மற்றவர்கள் கழுத்துப் பட்டியைத் திருப்பித் தைக்கத் திணறியபோது, அவள் ஒரே வீச்சில் முனை மழுங்காமல் திருப்பிவிடுவாள். நிறைவு விழாவில் முதல் பரிசும் அவளுக்குத்தான். எட்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். நான் கையெழுத்திட்ட சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதற்கு நேர் கீழே, மண் தரையில் நான்கு சிறு பள்ளங்கள் இருந்தன. என்ன என்று கேட்டேன். “மிஷின் இருந்த இடம், அக்கா” என்றாள்.

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. கடன் கேட்டுப் போன இடத்தில் வருமானச் சான்று கேட்டார்கள். வருமானத்துக்கு இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்குக் கடன் வேண்டும். கடனுக்கு வருமானம் வேண்டும். மூன்று முறை நடந்துவிட்டு ஒரு தையல் கடையில் காஜா போடவும் பட்டன் வைக்கவும் சேர்ந்தாள். பின்னர் நல்ல மனம் படைத்த ஒருவர் ஓர் இயந்திரத்தை நன்கொடையாகக் கொடுத்தார். ஆனால் பெற்றுக்கொண்டதற்கான தாளில் அவளுடைய அண்ணனின் பெயரை எழுதினார்கள். வீட்டுக்கு ஆண்பிள்ளை அவன்தானே என்பது அவர்கள் சொன்ன காரணம். ஐந்தாவது மாதம் குடும்பத்தில் ஒரு மருத்துவச் செலவு வந்தபோது, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இயந்திரம் விற்கப்பட்டது. அண்ணனை அவள் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பழைய செய்தித்தாளில் கைப்பகுதி, முன்பகுதி, முதுகுப்பகுதி என்று அளவெடுத்து வெட்டி, கை ஊசியால் இணைத்து வைத்திருந்தாள். ஓரங்களில் பென்சிலால் அளவுகள் குறித்திருந்தன. “கை மறந்துடக் கூடாதுல்ல அக்கா” என்றாள். அன்று எனக்கு அந்தப் பழமொழி புரிந்தது. ஏட்டுச் சுரைக்காயை அவளிடம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று முதல் நான் போகும் மேடைதோறும் ஒன்றையே கேட்டு வருகிறேன். சான்றிதழ் கொடுக்கும் கையே கருவியையும் கொடுக்க வேண்டும்; அந்தக் கருவி அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. வடக்கு உகாண்டாவில் 2008-ஆம் ஆண்டு வாக்கில், தொழில் திட்டம் எழுதிக் கொடுத்த இளைஞர் குழுக்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கும் கருவிக்கும் சேர்த்து அரசு மானியம் அளித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் பார்த்தபோது, மானியம் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 38 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் மற்றவர்களும் வருமானத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆயினும் தொழிலுக்கான உடைமைகள் மானியம் பெற்றவர்களிடமே கூடுதலாக நிலைத்திருந்தன.

பெயர் என்பதன் மதிப்பை அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 1974-இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். பதிவுத் தாளில் கையெழுத்திட வேண்டிய பெண்களுக்கு எழுதத் தெரியாது. ஓர் இரவு முழுவதும் அமர்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகி, மறுநாள் கையெழுத்திட்டார்கள். பெயர் எழுதக் கற்ற கைகளால் ஒரு வங்கியையே நிறுவ முடிந்தது. நம் தங்கைகளோ எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இவர்களுடைய கருவியின் ரசீதில் இவர்கள் பெயரை எழுத நாம் ஏன் தயங்க வேண்டும்? தம்பிகளுக்கும் இது பொருந்தும். மின்பணி கற்ற இளைஞன் கருவிப் பெட்டியை இரவல் வாங்கிப் பிழைத்தால், கூலியில் பாதி அந்தப் பெட்டிக்காரருக்கே போய்விடுகிறது.

சந்தையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அடுத்துப் பேச வேண்டிய பெரியவர்கள் காத்திருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பயிற்சி முடிவதற்கு முன்பே முதல் ஆர்டர் கைக்கு வந்திருக்க வேண்டும். முதல் ஆர்டர் இல்லாத தொழிலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மண்டபத்தின் வாயிலில் உள்ள மேசை மீது ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். இந்த மையத்தின் நிர்வாகக் குழுவுக்கு எழுதப்பட்டது. அதில் இரண்டே கோரிக்கைகள்: அடுத்த குழுவிலிருந்து பயிற்சிச் செலவோடு கருவிக்கான தொகையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும், கருவியின் ரசீதும் வருமானம் சேரும் வங்கிக் கணக்கும் பயிற்சி பெற்றவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தை இடுவதாக இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. தாய்மார்களே, வீட்டுக்குப் புறப்படுமுன் நீங்களும் அந்த மேசைக்கு வந்து உங்கள் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள். வணக்கம்.