கப்பல் பட்டியலை வாய்விட்டு வாசியுங்கள்

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இந்த நேரத்தில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்ததாம். நான் பார்த்ததில்லை. அறுபதுகளில் டர்பனில் கேட்டோ மேனரை விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குப் போகச் சொன்னபோது, லாரியில் ஏற்றிய சாமான்களோடு அந்தப் பெட்டி வந்து சேரவில்லை. அப்பாவின் ஆயா, அதாவது பாட்டி, கப்பலில் வந்தபோது கையில் கொடுத்த காகிதம் அதில்தான் இருந்தது என்று அத்தை சொல்வார். இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்பைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் நம்மிடமிருந்து வீட்டையும் நிலத்தையும் பறித்தது எல்லோருக்கும் தெரியும். எத்தனை தகரப் பெட்டிகள் அப்படித் தொலைந்தன என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனால் வீட்டில் தொலைந்தது, நம் முன்னோர் வந்த கப்பல் பட்டியலாக, அரசாங்கத்தின் அலமாரியில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 342 பேர். அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கைக்குழந்தைக்கும் எண். நம் பெரியவர்கள் அதைக் கூலி நம்பர் என்றார்கள். அந்த வார்த்தை இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனாலும் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு அந்த நம்பரைவிட நல்ல பிடிமானம் வேறு இல்லை. பெயரை நூறு விதமாக எழுதுவார்கள், நம்பர் மாறாது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாய் தந்தையின் நம்பர் இருக்கும். முதலாளி மாறினாலும் நம்பர் கூடவே போகும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குகிறவர்கள் வருடத்துக்கு மூன்று பவுண்டு கட்ட வேண்டும் என்ற வரிச் சட்டம் 1895-இல் வந்த பிறகு, வரி கட்ட முடியாமல் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள் ஏராளம். ஒரே நம்பர் இரண்டு மூன்று தோட்டங்களில் தென்பட்டால் குழம்ப வேண்டாம், காரணம் பெரும்பாலும் இதுதான்.

கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் எல்லாம் இருக்கும். ஆளைக் கண்டுபிடிக்க மாட்டுக்குச் சூடு வைப்பதுபோல எழுதி வைத்தார்கள். ஆனால் அந்தத் தழும்புதான் எனக்கு உதவியது. எங்கள் ஆயாவின் பெயர் அம்மன் பெயர், அதே பெயரில் பட்டியல் முழுக்கப் பெண்கள். வயதும் ஏறக்குறைய ஒத்துப்போகிற மூன்று பேர். அதில் ஒருத்திக்கு வலது முழங்கையில் தீத்தழும்பு என்று இருந்தது. அத்தையிடம் கேட்டேன். கேள்வியை முடிக்கும் முன்பே தன் வலது முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

சாதிக் கட்டத்தைப் பார்த்தவுடன் புத்தகத்தை மூடிவிடுகிற குடும்பங்கள் உண்டு. வீட்டில் சொன்னது ஒன்று, பட்டியலில் இருப்பது வேறு. கப்பல் ஏறும்போது வேறு சாதி சொல்லி எழுத வைத்தவர்களும் இருந்தார்கள், இங்கே வந்து மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். கரும்புத் தோட்டத்தில் வெயிலில் நின்று நம்மை வளர்த்தவர்கள் அவர்கள். அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, இப்போது பெயருக்கு வருகிறேன். இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், முனுசாமி மூன்சாமி ஆனார். இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர் வழக்கத்தில் தகப்பன் பெயரைத்தான் முன்னால் போடுவோம், இங்கே அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. கூடப் பிறந்த அண்ணன் கோவெண்டர், தம்பி பெருமாள் என்று பதிவாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் கப்பலில் தங்கள் சொந்தப் பெயரில் வந்தார்கள், கணவன் வீட்டுப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அது போதாதென்று 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டிய நம் பாட்டிமார்களின் திருமணம் காகிதத்தில் இல்லாமல் போனதற்கு அந்தக் காலத்துச் சட்டமும் ஒரு காரணம். அந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் பெண்களும் சிறைக்குப் போனார்கள்.

சிறை என்றதும் செய்தித்தாளைச் சொல்ல வேண்டும். 1903-இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியனில் 1906 வரை தமிழ்ப் பக்கங்களும் இருந்தன. டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவுசெய்ய வேண்டும் என்ற பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் பெயர்களை அது வாராவாரம் போட்டது. அதில் தமிழர்கள் எத்தனை பேர் என்று பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. 1909 ஜூலையில் சிறையிலிருந்து வந்தவுடன் உயிர்விட்ட நாகப்பனையும், சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரியில் இறந்த வள்ளியம்மையையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் பக்கத்து வரியில் ஒரே ஒரு தடவை அச்சான ஏதோ ஒரு கூடைக்காரர் உங்கள் கொள்ளுத் தாத்தாவாக இருக்கலாம். பழைய இதழ்களைக் காந்தி பாரம்பரிய இணையத்தளத்தில் இப்போது வீட்டிலிருந்தே படிக்கலாம். பி. எஸ். ஐயர் 1908-இல் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. பிந்திய தலைமுறைக்கு லீடர், கிராபிக் வார இதழ்களின் கல்யாணச் செய்திகளும் மரண அறிவிப்புகளும் இருக்கின்றன. அதெல்லாம் படித்தால் நேரம் போவதே தெரியாது, எச்சரிக்கிறேன்.

கடையோ ஒரு துண்டு நிலமோ வைத்திருந்தவர் இறந்திருந்தால் சொத்துக் கோப்பு இருக்கும். அதில் உள்ள மரண அறிவிப்புத் தாளில் பெற்றோர், பிறந்த இடம், பிள்ளைகள் எல்லோர் பெயரும் எழுதியிருப்பார்கள். சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்த வணிகக் குடும்பங்கள் கூலிக் கப்பல் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கோப்புதான் வழி.

இப்போது ஊர். எங்கள் வீட்டில் எல்லோரும் வந்தவாசி என்றே சொல்வார்கள். நான் இரண்டு வருடம் வந்தவாசியைத் தேடினேன், கிடைக்கவே இல்லை. ஏனென்றால் வெள்ளைக்கார குமாஸ்தா அதை வாண்டிவாஷ் என்று எழுதுவான். செங்கல்பட்டு அவனுக்குச் சிங்கிள்புட், திருச்சிராப்பள்ளி அவனுக்கு டிரிச்சினாபொலி. வட ஆர்க்காடு என்று போட்டிருந்தால் இன்றைய தமிழ்நாட்டோடு நிறுத்தாதீர்கள், சித்தூரும் அப்போது அந்த ஜில்லாதான். ஆந்திராவில் இருக்கிற ஊராகவும் இருக்கலாம்.

கிராமத்தின் பெயர்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஏறினவர் தமிழில் சொன்னார், அதைக் கேட்டவர் காதுக்கு எட்டியபடி ஆங்கிலத்தில் எழுதினார், பிறகு வேறொருவர் அதைப் பார்த்து நகல் எடுத்தார். கண்ணால் பார்த்தால் அது எந்த ஊரும் இல்லை. அதனால் வாய்விட்டு வாசியுங்கள். திரும்பத் திரும்ப, வேகமாகவும் மெதுவாகவும். தமிழ் காதில் விழுந்து வளர்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்காக முகவர்களிடம் பணம் கொடுத்துத் தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். முகவருக்கு உங்கள் ஆயாவின் உச்சரிப்புத் தெரியாது. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் இருந்தால் ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த மாதம் போகலாம், அவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். கைபேசியில் பதிவுசெய்யுங்கள். ஊர் பெயர், குலதெய்வம், ஆயா திட்டின வார்த்தை, பாடின பாட்டு, எதுவானாலும்.

எனக்குக் கிடைத்த பக்கத்தில் ஊர் என்ற இடத்தில் கில்கோடங்களூர் என்பதுபோல ஒன்று இருந்தது. ஒரு வாரம் வரைபடத்தை வைத்துக்கொண்டு முழித்தேன். கடைசியில் அத்தைக்குப் போன் போட்டு அதை அப்படியே வாசித்தேன். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தடவை படி என்றார். படித்தேன்.

"கீழ்க்கொடுங்காலூர், கண்ணு," என்றார். "ஆயாவுக்குக் கோபம் வந்தா, நான் கொடுங்காலூர்க்காரின்னு சொல்லும். எந்த ஊருன்னு நாங்க யாரும் கேக்கவே இல்ல."