20 வளைவு தாண்டினால் சேலம் எந்தப் பக்கம்?

[காட்சி: கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பள்ளிப் பேருந்து]

சேலத்தில் திசை தெரிய மலையைப் பார்த்தால் போதும். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஆனால் ஏற்காட்டுப் பாதையின் 20 வளைவும் ஏறியபின் "சேலம் எந்தப் பக்கம்?" என்று என் மாணவர்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் கை நீண்டது. நான் மனசுக்குள் நினைத்த பக்கமும் தப்புதான்.

ஒருத்தி பேருந்துக்குள்ளேயே திசைகாட்டியை எடுத்தாள். சுற்றிலும் இரும்பு, முள் எதைத்தான் நம்பும்? இறங்கிப் பத்து அடி தள்ளி நின்றதும் அடங்கியது.

[காட்சி: ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனை, கீழே சேலம் நகரம்]

இங்கே நிலவரைபடத்தை விரித்தோம். 1:50,000 அளவு; 1 செ.மீ. என்றால் தரையில் அரை கிலோமீட்டர். 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. "கோடெல்லாம் இங்க மட்டும் ஏன் சார் ஒட்டிக்கிட்டு இருக்கு?" என்றான் ஒருவன். எட்டிக் கீழே பார்க்கச் சொன்னேன். செங்குத்துச் சரிவு. அப்புறம் அவன் கேட்கவில்லை.

[காட்சி: இரவு, அட்டையும் நூலும்]

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய தமிழ் மாலுமிகள் வைத்திருந்த கருவி ராப்பலகை: ஒரு சின்னப் பலகை, அதன் நடுவில் கோத்த கயிறு, கயிற்றில் துறைமுகத்துக்கு ஒன்றாக முடிச்சுகள். போக வேண்டிய துறைமுகத்தின் முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தில், மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தில் பட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகைக்கு வந்தாயிற்று. பிறகு கிழக்கிலோ மேற்கிலோ நேராகப் போனால் கரை.

துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. ஏற்காட்டில் 12 பாகைக்குச் சற்றுக் குறைவு. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் 10 பாகை. அதற்குமேல் ஒரு விரல் வையுங்கள், அவ்வளவுதான். மேகம் விலகப் பத்து மணி ஆனது. சரி, மாலுமிகளும் காத்திருந்தவர்கள்தானே!

[காட்சி: காலை, கைபேசித் திரை]

மாலுமிகள் அளந்தது கோணம். கைபேசி அளப்பது நேரம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் சமிக்ஞை, நொடியில் 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வருகிறது. வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும். நேரத்தில் மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். லேடீஸ் சீட்டில் நிற்பவரைப் பள்ளத்தாக்கில் காட்டிவிடும். இடத்தைக் குறிக்க மூன்று செயற்கைக்கோள், நம் கைபேசிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது.

இதற்கு டவர் தேவையில்லை. கைபேசி செயற்கைக்கோளின் சமிக்ஞையை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. நம்பாத பிள்ளைகளுக்காக இணையத்தை அணைத்தோம். வரைபடம் காணாமல் போனது. வெறும் சாம்பல் கட்டத்தில் நீலப்புள்ளி மட்டும் நின்றது. பக்கத்தில் காகித வரைபடத்தை விரித்து, திரையிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்து அந்தப் புள்ளியைப் பென்சிலால் வைத்தார்கள்.