மூடுபனி வீட்டுக்குப் பழைய வெள்ளி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் பழைய பங்களாவை எடுத்து ஹோம்ஸ்டேவா மாத்துறவங்களுக்கும், புதுசா வீடு கட்டுறவங்களுக்கும் உள்ளே எந்தச் சாமானை எங்க வைக்கிறதுன்னு பார்த்துச் செஞ்சு குடுக்கறது என் தொழில். அதனால பழைய வெள்ளிச் சாமானை வச்சு வீட்டை எப்படி அழகு பண்ணலாம்னு பேசச் சொல்லியிருக்காங்க. இதை இப்பவே பேசியாகணும்னு எனக்குத் தோணுது, ஏன்னா வெள்ளி விலை ஏற ஆரம்பிச்சதுல இருந்து பாட்டி காலத்துச் சந்தனப்பேலா, பன்னீர்ச்செம்பு, கூஜா எல்லாம் தராசுல ஏறி அப்படியே உருக்கறதுக்குப் போயிட்டிருக்கு. கஷ்டத்துக்கு விக்கிறவங்களை நான் ஒண்ணும் சொல்லலை, அது அவங்க வீட்டு நிலைமை. ஆனா "சும்மாதானே பீரோவுல கெடக்கு"ன்னு விக்கிறாங்க பாருங்க, அவங்ககிட்டதான் நான் பேச வந்திருக்கேன். கெடக்க வேண்டாங்க, வெளிய எடுத்து வைங்க. நம்ம மலை வீட்டுக்கு வெள்ளி அளவுக்கு ஒத்துப்போற சாமான் வேற கிடையாது.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, வெளிச்சம். ஜூன்ல தென்மேற்குப் பருவமழை புடிச்சா நம்ம ஊர்ல மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நிக்கும், மத்தியானம் மூணு மணிக்கே லைட் போடணும், அது ஓஞ்சுதுன்னு பார்த்தா அக்டோபர்ல வடகிழக்கு வந்துரும். பழைய பங்களான்னா குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சின்னதா வச்சிருப்பாங்க, தரை மரம், கதவு மரம், எல்லாம் கறுத்துப்போன மரம், உள்ளே போனா எப்பவும் சாயங்காலம் மாதிரியே இருக்கும். இந்த இருட்டுக்கு நெறய பேர் என்ன செய்யறாங்கன்னா கூரை பூரா எல்இடி போட்டு வீட்டை ஜவுளிக்கடை மாதிரி ஆக்கிடறாங்க, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. உலோகத்துலயே வெளிச்சத்தை அதிகமா திருப்பி அனுப்பறது வெள்ளிதான். நல்லாத் தேச்ச வெள்ளி, மேல விழற வெளிச்சத்துல கிட்டத்தட்ட 95 சதவீதத்தைத் திருப்பிக் குடுத்துரும். அதுலயும் கையால தட்டிச் செஞ்ச பழைய சாமான்ல சின்னச் சின்ன சுத்தியல் பள்ளம் இருக்கறதால அந்த வெளிச்சம் கண்ணைக் கூசாம பரவி வரும். ஒரு அறையில ஒரே ஒரு மஞ்சள் பல்பு, அதுக்குப் பின்னால செவுத்துல சாச்ச மாதிரி ஒரு பெரிய வெள்ளித் தட்டு, அவ்வளவுதான், அந்த மூலையே மாறிப் போயிரும், செஞ்சு பாருங்க.

கரண்ட் வராத காலத்துல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1820கள்ல ஊட்டியில கல் பங்களா கட்டினதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தரா மலைக்கு வந்து குடியேறின வெள்ளைக்காரங்க டீ பாட், மெழுகுவத்தி ஸ்டாண்டு, டிரேன்னு கப்பல்ல கொண்டுவந்து, ரயில் இல்லாத அந்தக் காலத்துல மாட்டு வண்டியிலயும் ஆள் தலையிலயும் மேல ஏத்தினாங்க. ரயில் குன்னூருக்கு வந்ததே 1899லதான், ஊட்டிக்கு 1908ல. சுதந்திரத்துக்கு அப்புறம் எஸ்டேட்டை வித்துட்டுக் கெளம்பினவங்க வீட்டுச் சாமானையும் இங்கயே வித்துட்டுப் போனாங்க, அதனாலதான் இன்னைக்கும் நம்ம ஊர்ப் பழைய சாமான் கடையில ரொட்டித் துண்டு சொருகி வைக்கற டோஸ்ட் ரேக்கும் கிரேவி ஊத்தற ஜாடியும் கிடைக்குது. இன்னொரு பக்கம் நம்ம வீட்டு வெள்ளி இருக்கு, குங்குமச்சிமிழ், பஞ்சபாத்திரம் உத்தரணி, வெத்தலைத் தட்டு, சுண்ணாம்பு டப்பி, குழந்தைக்குப் பால் புகட்டற பாலாடை. ரெண்டையும் தனித்தனியாத்தான் வைக்கணும்னு நெறய பேர் நினைக்கறாங்க, நான் ஒண்ணா வைக்கச் சொல்லுவேன். மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் கடையில 19ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷ் டீ பாட் உருவத்துல நம்ம சாமி உருவங்களைப் புடைச்சு வேலை செஞ்சு வித்தாங்க, சுவாமி வெள்ளின்னே அதுக்குப் பேரு. அப்பவே ஒரே தட்டுல சேர்ந்து உட்கார்ந்ததுதாங்க ரெண்டும்.

வைக்கறப்ப நான் பார்க்கறது உயரமும் பின்னணியும். பன்னீர்ச்செம்பு ஒல்லியா உயரமா நிக்கும், பக்கத்துல பேலா குள்ளமா அகலமா, அதுக்குக் கீழ ஒரு தட்டு, இந்த மூணே போதும் ஒரு சின்ன மேஜைக்கு, அதுக்கு மேல வச்சா பாத்திரக்கடை ஆயிரும். வெள்ளைச் செவுத்துக்கு முன்னாடி வெள்ளி காணாமப் போயிரும், கறுத்த மரம், அடர் பச்சை, செங்காவி இதுக்கு முன்னாடி வச்சா எடுத்துக் காட்டும். பித்தளையோட கலந்து வைக்கவே மாட்டேன், பித்தளையோட மஞ்சள் பக்கத்துல வெள்ளி செத்துப் போயிரும். ஜன்னலை ஒட்டி வைக்கறதை விட ஜன்னலுக்கு எதிர் செவுத்துல, நீங்க உட்கார்ந்தா கண்ணு போற உயரத்துல வைங்க, வெளிய மேகம் நகரும்போது அந்தச் செம்பு மேலயும் வெளிச்சம் நகரும். மூடி தொலைஞ்ச டீ பாட்டைத் தூக்கிப் போட வேண்டாம், நம்ம ஓடைப் பக்கம் வளர்ற வெள்ளை லில்லி நாலு தண்டு வச்சா அதுக்கு மூடியே தேவையில்லை. ஆனா தண்ணியை நேரா ஊத்தாதீங்க, உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதுல ஊத்துங்க, பூத்தண்ணி அழுகினா வெள்ளியைக் கெடுக்கும். டோஸ்ட் ரேக்ல வீட்டுக்கு வர்ற கடுதாசி, பில் எல்லாம் சொருகலாம். பேலாவுல வீட்டுச் சாவி போடலாம். உப்பு மட்டும் கூடவே கூடாதுங்க, உப்பு வெள்ளியை அரிச்சுப் பள்ளம் போட்டுரும், அதனாலதான் பழைய வெள்ளி உப்புக் கிண்ணத்துக்குள்ள நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணு தனியா இருக்கும், இல்லைன்னா உள்பக்கம் தங்க முலாம் பூசியிருப்பாங்க.

ஒண்ணு மட்டும் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். நம்ம மலையில கோத்தர்கள் பரம்பரையா இரும்பு, மரம், மண்பாண்டத்தோட வெள்ளி வேலையும் செஞ்சு தோடர்களுக்கும் படுகர்களுக்கும் குடுத்து வந்தவங்க. அந்தப் பழைய நகைகளை ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டணும்னு கேட்டு என்கிட்ட ஆள் வர்றாங்க. உங்க குடும்பத்து நகைன்னா தாராளமா மாட்டுங்க, பெருமையா மாட்டுங்க. அடுத்தவங்க பாட்டி கழுத்துல கிடந்ததை ஷோ பீஸா மாட்டறதுக்கு நான் வேலை செய்ய மாட்டேன்.

வாங்கறவங்களுக்கு இப்ப ஒரு விஷயம். கடையில வெள்ளின்னு வச்சிருக்கறது எல்லாம் வெள்ளி இல்லை. கவுத்து அடியைப் பாருங்க. நடந்து போற சிங்கம் முத்திரை இருந்தா அது இங்கிலாந்து ஸ்டெர்லிங், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. கூடவே சிறுத்தை முகம்னா லண்டன்ல சோதிச்சது, நங்கூரம்னா பர்மிங்காம், கிரீடம்னா ஷெஃபீல்டு. ராஜா இல்லைன்னா ராணியோட தலையும் சேர்ந்து இருந்தா அது வரி கட்டினதுக்கான முத்திரை, 1784ல இருந்து 1890 வரைக்கும்தான் அது உண்டு, அதனால வயசும் தெரிஞ்சு போகும். இபிஎன்எஸ்னு எழுத்து இருந்தா அது முலாம், உள்ளே இருக்கறது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, ஜெர்மன் சில்வர்னு சொல்றோமே அதே, அதுல துளி வெள்ளி கிடையாது. பர்மிங்காம்ல எல்கிங்டன் கம்பெனி 1840ல இந்த மின்முலாம் முறைக்குப் பேட்டண்ட் வாங்கின பின்னாடிதான் இது வீட்டுக்கு வீடு வந்துச்சு. காந்தம் வச்சுப் பார்த்தேன், ஒட்டலை, அதனால வெள்ளிதான்னு சொல்றாங்க, ஜெர்மன் சில்வரும் ஒட்டாதுங்க, அந்தச் சோதனையை நம்பாதீங்க. மெழுகுவத்தி ஸ்டாண்டை எடை போட்டு விலை சொன்னாலும் ஒத்துக்காதீங்க, நிறைய ஸ்டாண்டு மேல மெல்லிசு வெள்ளி, உள்ளே தார் மாதிரி இருக்கற கீலும் பிளாஸ்டரும்தான் ரொப்பியிருக்கும். அதுக்காக இபிஎன்எஸ் மட்டம்னு நான் சொல்லலை, அழகுக்கு அது தாராளமாப் போதும், காசும் கம்மி, ஓரத்துல முலாம் தேஞ்சு அடி உலோகம் தெரிஞ்சாலும் எனக்கு அது பிடிக்கும், வெள்ளி விலை குடுக்காம இருந்தா சரி. யாரோ ஒருத்தர் பேரோட முதல் எழுத்து செதுக்கியிருந்தா அதைப் பத்தர்கிட்ட குடுத்துத் தேய்க்காதீங்க, மெஷின் பாலிஷ்ல எழுத்தோட சேர்ந்து முத்திரையும் அழிஞ்சு போகும், அப்புறம் அது யாரு, எப்ப செஞ்சதுன்னே தெரியாது.

சரி, எல்லாரும் கேக்கறது கறுக்கறதைப் பத்தித்தான். கீழ கோயமுத்தூர்ல இருந்தப்ப பளபளன்னு இருந்துச்சு, இங்க கொண்டுவந்து ஒரே மழைக்காலத்துல கறுத்துருச்சும்பாங்க. காத்துல இருக்கற கந்தக வாயு வெள்ளியோட சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகுது, அதுதான் அந்தக் கறுப்பு, ஈரம் இருந்தா சீக்கிரம் ஆகும், நம்ம ஊர்ல ஈரத்துக்கு என்ன பஞ்சம். ஆனா ஈரத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்க, வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னும் பாருங்க. நம்ம வீடுகள்ல பூண்டு அறுவடை ஆனா கத்தை கட்டி பரண்ல தொங்க விடுவோம், அந்தப் பூண்டு வாசம் பூரா கந்தகம்தான், வெங்காயம், முட்டைக்கோஸ், வேகவச்ச முட்டை எல்லாமே அந்த வகைதான். அதே அறையில வெள்ளி ஷெல்ஃப் வச்சா கறுக்காம என்ன செய்யும்? குளிருக்குக் கணப்பு மூட்டறோமே, அதுக்கு மேல இருக்கற மாடத்துல வெள்ளி வச்சா பார்க்க ரொம்ப நல்லாத்தான் இருக்கும், ஆனா புகை நேரா அதுலதான் படியும், அதனால விருந்தாளி வர்ற அன்னைக்கு மட்டும் வைங்க. எடுத்து வைக்கறப்ப கம்பளித் துணியில சுத்தாதீங்க, கம்பளியிலயும் கந்தகம் இருக்கு. ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம், போட்ட இடத்துல கறுப்புக் கோடு விழுந்து சில சமயம் போகவே போகாது. நியூஸ்பேப்பரும் வேண்டாம். துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பழைய பருத்தி வேட்டி இருக்கு பாருங்க, அதுல சுத்தி, பெட்டிக்குள்ள நாலு சாக்பீஸ் போட்டு மூடுங்க, சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கும், வெயில் அடிக்கற அன்னைக்கு அதை எடுத்துக் காய வச்சுத் திரும்பப் போடுங்க.

தேய்க்கறதுக்கு டூத்பேஸ்ட் எடுக்காதீங்க, அதுல இருக்கற துகள் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், முலாம்னா முலாமையே தின்னுரும். விபூதி போட்டுத் தேய்க்கற பழக்கம் நம்மகிட்ட உண்டு, நைசான நல்ல விபூதியா இருந்து லேசான கையா இருந்தா கெட்டி வெள்ளிக்குப் பரவாயில்லை, முலாமுக்கு அதுவும் வேண்டாம். பாத்திரத்துல அலுமினியம் ஃபாயில் விரிச்சு, சோடா உப்பு போட்டு, கொதிக்கற தண்ணி ஊத்தி வெள்ளியை அதுல முக்கினா கறுப்பு கண்ணு முன்னாடி போகும். கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்குது, வெள்ளி அங்கயே தங்கிருது, தேய்ச்சுக் கரைக்கற வேலை இல்லை, அது நல்ல முறைதான். ஆனா கரண்டி, டம்ளர், தட்டு மாதிரி சாதாச் சாமானுக்கு மட்டும் வச்சுக்கங்க. வேலைப்பாடு உள்ளதை முக்கினா பூ இடுக்குலயும் சாமி முகத்து ஓரத்துலயும் வருஷக்கணக்கா படிஞ்ச கறுப்பும் சேர்ந்து போயிரும், அந்தக் கறுப்புதான் கண்ணையும் மூக்கையும் எடுத்துக் காட்டறது, அது போனா உருவமே மொட்டையாத் தெரியும். கீல் ரொப்பின ஸ்டாண்டையும் மரப்பிடி போட்ட டீ பாட்டையும் வெந்நீர்ல போடவே கூடாது. இதுக்கெல்லாம் மேல தூக்கி நிக்கற மேட்டை மட்டும் மெத்துன்னு இருக்கற துணியால துடைச்சு, இடுக்கை அப்படியே விட்டுருங்க. தினம் கைபடற சாமானுக்கு இவ்வளவு பாடும் வேண்டியதில்லை, வெள்ளி டவரா டம்ளர்ல தினம் காபி குடிச்சுக் கழுவித் துடைச்சு வைக்கற வீட்டுல அது கறுத்து நான் பார்த்ததில்லை.

திருட்டு பயம்னு சொல்லுவீங்க, நியாயம்தான், ஹோம்ஸ்டே நடத்தறவங்க இன்னும் அதிகமாவே யோசிக்கணும். வாசல் அறையிலயும் விருந்தாளி தங்கற ரூம்லயும் இபிஎன்எஸ் வைங்க, ஸ்டெர்லிங்கும் குடும்பத்து வெள்ளியும் நீங்க புழங்கற உள் அறையில இருக்கட்டும். ஒவ்வொண்ணையும் நிக்க வச்சு ஒரு ஃபோட்டோ, அடி முத்திரையை ஒரு ஃபோட்டோ எடுத்து, எடையையும் யார் குடுத்ததுன்னும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க. வீட்டுல பெரியவங்க இருக்கறப்பவே அவங்களைப் பக்கத்துல உட்கார வச்சுக் கேட்டு எழுதுங்க, எந்தக் கூஜா எந்தக் கல்யாணத்துக்கு வந்ததுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். கேட்டதுக்கு நன்றிங்க, வணக்கம்.