புலம்பல் சுவர் நிற்கிறதே, அப்போ இயேசு சொன்னது?

வணக்கம் நண்பர்களே. போன வீடியோ ஏரோது கட்டிய தேவாலயத்தைப் பற்றியது. அதைப் பார்த்தவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். "ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்று இயேசு சொன்னார். எருசலேமில் புலம்பல் சுவர் இன்னும் நிற்கிறதே பிரதர்?"

சுவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். அது தேவாலயத்தின் சுவர் இல்லை. கி.மு. 20 வாக்கில் ஏரோது ஆலய வேலையைத் தொடங்கியபோது மலை உச்சியில் அவர் நினைத்த அளவுக்கு இடம் இல்லை. அதனால் மலையைச் சுற்றிப் பிரம்மாண்டமான தாங்குசுவர்களை எழுப்பி, உள்ளே நிரப்பி, மேலே சமதளமாக ஒரு மேடை அமைத்தார். அந்தத் தாங்குசுவரின் மேற்குப் பக்கத்தில் ஒரு பகுதிதான் இன்று யூதர்கள் நின்று ஜெபிக்கும் இடம். சீஷர்கள் ஆலயக் கட்டடங்களைக் காட்டியபோதுதான் இயேசு அந்த வார்த்தையைச் சொன்னார். அவர்கள் காட்டியது மேடைமேல் இருந்த கட்டடங்களை. அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. "அந்தச் சுவரும் இனிமேல்தான் விழும், தீர்க்கதரிசனம் இன்னும் பாக்கி இருக்கிறது" என்று சில ஊழியக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாத வேலையாகத் தெரிகிறது.

இப்போது திரையில் வரும் படத்தைப் பாருங்கள். அதே மேற்குச் சுவரின் தெற்கு முனை. 1990களில் இங்கே தோண்டியபோது, முதல் நூற்றாண்டுத் தெருவின்மேல் இந்தக் கற்குவியல் விழுந்த கோலத்திலேயே கிடந்தது. கனம் தாங்காமல் தெருவின் தளக்கற்கள் உடைந்து உள்வாங்கியிருப்பது தெரிகிறதா? ரோமர்கள் மேலிருந்து தள்ளிய கற்கள் இவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1968-ல் பெஞ்சமின் மஸார் தொடங்கிய அகழாய்வில், இதே மூலையில், "எக்காளம் ஊதும் இடத்துக்கு" என்று எபிரேயத்தில் செதுக்கிய கல் ஒன்றும் கிடைத்தது. ஓய்வுநாள் தொடங்குவதை ஊருக்கு அறிவிக்க ஆசாரியன் நின்ற இடத்துக் கல் அது. உச்சியில் இருந்திருக்க வேண்டியது, தெருவில் கிடந்தது.

ஆலயம் விழுந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வசனத்துக்கு விளக்கம் சொல்லும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கி.பி. 66-ல் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளம்பினார்கள். சிரியாவின் ஆளுநர் செஸ்தியஸ் காலஸ் படையோடு எருசலேம் வரைக்கும் வந்துவிட்டு, திடீரென்று பின்வாங்கினார். போகும் வழியில் நல்ல அடி வாங்கினார். அப்புறம் வெஸ்பாசியன் வந்தார். 68-ல் நீரோ செத்ததும் அவர் முற்றுகையைத் தள்ளிவைத்தார், பிறகு பேரரசராகி ரோமுக்குப் போனார். அவர் மகன் டைட்டஸ் நான்கு லெகியன் படைகளோடு 70-ல் பஸ்கா சமயத்தில் நகரத்தை வளைத்தார். பண்டிகைக்கு வந்த கூட்டமும் உள்ளே மாட்டிக்கொண்டது. நகரத்துக்குள் மூன்று கோஷ்டிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு, சேமித்த தானியத்தைத் தாங்களே கொளுத்தியிருந்தார்கள். தப்பிப் போகாதபடி நகரைச் சுற்றி ரோமர்கள் மூன்றே நாளில் ஒரு சுவர் எழுப்பினார்கள் என்கிறார் ஜோசிஃபஸ். ஆகஸ்டு மாதம் ஆலயம் எரிந்தது.

ஜோசிஃபஸ் யார் தெரியுமா? முதலில் யூதர் பக்கத்துத் தளபதி, பிடிபட்ட பிறகு ரோமர் முகாமில் இருந்தவர். ஆலயத்தைக் காப்பாற்றத்தான் டைட்டஸ் விரும்பினார், ஒரு சிப்பாய் தானாகவே கொள்ளியை எறிந்துவிட்டான் என்று எழுதுகிறார். டைட்டஸ் குடும்பத்தின் தயவில் வாழ்ந்த மனிதர் வேறென்ன எழுதுவார்! 400-ஐ ஒட்டி எழுதிய சுல்பீசியஸ் செவேரஸ் என்ற கிறிஸ்தவர், இடிக்க வேண்டும் என்று முடிவெடுத்ததே டைட்டஸ்தான் என்கிறார். ரோமில் இன்றும் நிற்கும் டைட்டஸ் வளைவில், ஆலயத்தின் ஏழு கிளைக் குத்துவிளக்கைச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும் சிற்பம் இருக்கிறது.

சரி, அடுத்த கேள்வி இதைவிடக் கூர்மையானது. நடந்து முடிந்த பிறகு எழுதிவிட்டு, முன்பே சொன்னதாக இயேசுவின் வாயில் வைத்தார்களா? மாற்கு சுவிசேஷம் 70-ஐ ஒட்டித்தான் எழுதப்பட்டது என்று அறிஞர்களில் நிறைய பேர் சொல்கிறார்கள். கொஞ்சம் முன்பா பின்பா என்பதில்தான் சண்டை. லூக்காவில் படைகள் எருசலேமைச் சூழ்வதும், 19-ஆம் அதிகாரத்தில் சுற்றிலும் மதில் போடுவதும் வருகின்றன. நடந்ததைத் தெரிந்து எழுதியவர் கை அதில் இருக்கிறது என்று வாதிக்க இடம் உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் மாற்கு 13-ஐ எடுத்துப் படியுங்கள். நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆலயத்துக்கு நடந்ததில் எல்லோருக்கும் மறக்காதது நெருப்புதான். இது மாரிகாலத்தில் நடக்காதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்று வருகிறது. நடந்ததோ கோடையில். பாழாக்குகிற அருவருப்பை, அதாவது ஆலயத்தைத் தீட்டுப்படுத்தும் ஒன்றைக் கண்டால் ஓடுங்கள் என்கிறது. ரோமர்கள் தங்கள் கொடிகளை ஆலய வளாகத்தில் நட்டுப் பலியிட்டபோது, ஓட எவனுக்கும் வழியில்லை. பின்னால் உட்கார்ந்து இட்டுக்கட்டுபவன் இதையெல்லாம் இன்னும் பொருத்தமாக எழுதியிருப்பான். கி.பி. 40-ல் கலிகுலா தன் சிலையை ஆலயத்தில் வைக்கச் சொன்னானே, அந்தப் பயம் இந்த வரிக்குள் இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கும் அது தூரத்துப் பொருத்தமாகப் படவில்லை.

அதோடு, ஆலயம் விழும் என்று சொன்னவர் இயேசு ஒருவர் மட்டும் இல்லை. மீகா சொன்னார். எரேமியா ஆலய வாசலிலேயே நின்று சொன்னார், கொல்லப் பார்த்தார்கள். கி.மு. 586-ல் பாபிலோனியர் முதல் ஆலயத்தை எரித்தார்கள். பிறகு 62 வாக்கில், அனானியாவின் மகன் இயேசு என்று பேர் கொண்ட ஒரு நாட்டுப்புறத்து மனிதர் "எருசலேமுக்கு ஐயோ" என்று தெருத்தெருவாகக் கத்தத் தொடங்கினார். ஆளுநர் எலும்பு தெரியச் சவுக்கால் அடித்தும் நிறுத்தவில்லை. ஏழு வருடத்துக்கு மேல் கத்தி, முற்றுகையில் ரோமர் எறிந்த கல் பட்டுச் செத்தார் என்று ஜோசிஃபஸ் எழுதுகிறார். ஆகவே இப்படி ஒரு வார்த்தையை 30 வாக்கில் ஒரு தீர்க்கதரிசி பேசுவது நடக்காத காரியம் அல்ல.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதே மாற்கு 13-ல் இயேசு சொல்கிறார்: "இவையெல்லாம் சம்பவிக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது." ஆலயம் 40 வருடத்துக்குள் விழுந்தது, சரி. மேகங்கள்மேல் மனுஷகுமாரன் வருவது? அதே அதிகாரத்தில்தானே இருக்கிறது. ஒரு பிரிவினர் மேக வசனத்தையும் 70-லேயே முடித்துவிடுகிறார்கள். தானியேல் 7-ல் மனுஷகுமாரன் மேகங்களோடு போவது பிதாவிடம்தான், பூமிக்கு அல்ல. எனவே ஆலயத்தின் வீழ்ச்சிதான் அவருடைய நியாயம் வெளிப்பட்ட விதம் என்பது இவர்கள் வாதம். என். டி. ரைட் என்ற ஆங்கிலேய வேதாகம அறிஞர் இப்படிப் படிக்கிறார். இன்னொரு பிரிவு, 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் பரப்பிய வழியில், ஏறக்குறைய எல்லாவற்றையும் எதிர்காலத்துக்குத் தள்ளுகிறது: விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை, அதன் பிறகு உபத்திரவ காலம், இனிமேல் கட்டப்போகும் மூன்றாம் தேவாலயம். இடையில் நிற்பவர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் முன்மலையும் பின்மலையும் ஒன்றாகத் தெரிவதுபோல 70-ம் கடைசி நாளும் ஒரே பேச்சில் சேர்ந்து தெரிகின்றன என்பார்கள். நான் இந்த மூன்றாவது பக்கம்தான், ஆனால் மேக வசனத்தில் ரைட் பக்கம் சாய்வதும் உண்டு.

நம் ஊர்க் கன்வென்ஷன் மேடைகளில் நீங்கள் கேட்டிருப்பது பெரும்பாலும் டார்பி வழிதான், அவர் பேர் தெரியாமலேயே. அத்திமரம் துளிர்ப்பதைப் பார்த்துக் காலத்தை அறியுங்கள் என்று இயேசு இதே பேச்சில் சொல்கிறார். அத்திமரம் துளிர்த்தது என்றால் 1948-ல் இஸ்ரவேல் நாடு பிறந்தது, அதிலிருந்து ஒரு சந்ததி எண்ணுங்கள். 1970-ல் ஹால் லிண்ட்சே என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை எழுதி, ஒரு சந்ததிக்கு 40 வருடம் என்றார். கூட்டிப் பாருங்கள், 1988. அந்த வருடம் எட்கர் விசனன்ட் என்பவர் 88 காரணம் காட்டி இரகசிய வருகைக்கு நாள் குறித்தார். நடக்கவில்லை. மறுவருடம் திருத்தி 1989 என்றார். இப்போது சந்ததிக்கு 70 என்கிறார்கள், 80 என்கிறார்கள். லூக்காவிலோ இயேசு "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்கிறார். மற்ற மரங்கள் எந்தெந்த நாடுகள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது பழைய விளக்கம் ஒன்றின்மேல். நான்காம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யூசிபியஸ், கிறிஸ்துவைக் கொன்றதற்கு யூதருக்குக் கிடைத்த தண்டனை இது என்று எழுதினார். சபை அதைப் பிடித்துக்கொண்டது. பட்டினியில் செத்த பிள்ளைகளின் கதையைப் பிரசங்கத்தில் வெற்றிச் செய்தியாகச் சொன்னார்கள். யூதர்மேல் வெறுப்பு வளர அது எரு ஆனது. லூக்கா 19-ல் இயேசு அந்த நகரத்தைப் பார்த்து அழுகிறார் ஐயா! 363-ல் ஜூலியன் பேரரசர் ஆலயத்தைத் திரும்பக் கட்ட முயன்றார். நெருப்பு கிளம்பி வேலை நின்றது என்று கிறிஸ்தவர் அல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானஸே எழுதியிருக்கிறார். அந்த வருடம் பூகம்பமும் வந்தது. தீர்க்கதரிசனம் ஜெயித்தது என்று கிறிஸ்தவர்கள் கொண்டாடினார்கள். திரும்பக் கட்டவே முடியாது என்று இயேசு எங்கே சொன்னார்? ஆலயச் சுத்திகரிப்புக்குச் சிவப்புக் கிடாரி வேண்டும் என்பது நியாயப்பிரமாணம். 2022-ல் டெக்சாசிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகள் இஸ்ரேலுக்கு வந்ததும் மூன்றாம் ஆலயம் வந்தே விட்டது என்று வீடியோ போட்டவர்களுக்கும் இதே பதற்றம்தான்.

முதலில் கேட்டவர்களுக்கு இது நாட்காட்டியாக இருந்திருக்காது. யூதேயாவில் இருக்கிறவன் மலைக்கு ஓடட்டும், மாடியில் இருப்பவன் வீட்டுக்குள் இறங்கிச் சாமான் எடுக்க வேண்டாம். ஆலயம் இருக்கும்வரை ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிய மக்களிடம் சொன்ன பேச்சு இது. எருசலேம் சபையார் யோர்தானுக்கு அப்பால் பெல்லாவுக்குத் தப்பிப் போனார்கள் என்று யூசிபியஸ் சொல்கிறார். 66-ல் யூதர்கள் பெல்லாவைச் சூறையாடினார்கள் என்று ஜோசிஃபஸ் எழுதுவதால் இதைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. செஸ்தியஸ் பின்வாங்கிய பிறகு கிடைத்த அவகாசத்தில் சிலராவது கிளம்பியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பெல்லா மலை உச்சியில் இல்லை, பள்ளத்தாக்கின் ஓரம். அதையும் கவனியுங்கள்.

தானியேல் 9-ன் எழுபது வாரங்களைத் தொடாமல் விட்டேன் என்று சிலர் திட்டுவீர்கள். அது தனி வீடியோ, கணக்குப் பலகையோடு வருகிறேன். ஸ்தோத்திரம்.