ஆஃப் ஆகாத ஒரு ஸ்விட்ச், ரத்தப் புற்றுநோய், அப்புறம் டைனிங் டேபிளில் ஒரு கத்தரிக்கோல்

[காட்சி: மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது.]

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகாத வீடு உண்டா? எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை நடக்கும். எதிர்வீட்டு அக்கா "தண்ணி வழியுது!" என்று கத்தினால்தான் எங்களுக்கே தெரியும். இதே கூத்து ஒரு ரத்த செல்லுக்குள் நடக்கிறது, கத்துவதற்கு எதிர்வீட்டு அக்காவும் இல்லை என்றால்? அதுதான் சி.எம்.எல். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய்.

வணக்கம் மக்களே. பாடப்புத்தகப் பகுதியை முப்பது நொடியில் முடித்துவிடுகிறேன், ஸ்கிப் பண்ணிவிடாதீர்கள். செல் தன் இஷ்டத்துக்கு இரண்டாகப் பிரியக்கூடாது. வெளியிலிருந்து உத்தரவு வரவேண்டும். அந்த உத்தரவைப் புரதங்கள் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோகின்றன. அதில் கைனேஸ் என்றொரு கூட்டம். செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து அடுத்த புரதத்தின்மேல் ஒட்டுவது இவர்கள் வேலை. பெரும்பாலும் ஒட்டினால் ஆன், எடுத்தால் ஆஃப். பாடம் முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதி.

[காட்சி: மேஜை விளக்கு, கத்தரிக்கோல், காகிதத் துண்டுகள்.]

1960. அமெரிக்காவின் பிலடெல்பியா. பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். ஊர்ப்பெயரே அதற்கும் பெயராகிவிட்டது: பிலடெல்பியா குரோமோசோம். ஒரு துண்டு எங்கோ தொலைந்துவிட்டது என்றுதான் பல வருஷம் நினைத்தார்கள்.

சிகாகோவில் ஜேனட் ரௌலி என்றொரு டாக்டர். நான்கு பையன்களின் அம்மா. பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பல வருஷம் பகுதிநேரமாகத்தான் வேலை பார்த்தார். குரோமோசோம்களில் வரிவரியாகப் பட்டை தெரியவைக்கும் புதுச் சாயம் அப்போதுதான் வந்திருந்தது. மைக்ரோஸ்கோப் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, குரோமோசோம்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, டைனிங் டேபிளில் ஜோடி சேர்த்துப் பார்ப்பார். அம்மா காகித பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்களாம். நம் வீடாக இருந்தால் யாராவது வந்து ஃபேனைப் போட்டு எல்லாவற்றையும் பறக்கவிட்டிருப்பார்கள்!

அந்த மேஜையில்தான் விஷயம் வெளியே வந்தது. 22ஆம் குரோமோசோம் குட்டையாக இருக்கிற அதே செல்லில், 9ஆம் குரோமோசோமின் வால் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. துண்டு தொலையவே இல்லை, வீடு மாறியிருக்கிறது! 1973இல் ரௌலி இதை வெளியிட்டார். கோடிக்கணக்கில் விலைபோகும் கருவி எதுவும் கிடையாது. கத்தரிக்கோலும் பொறுமையும்தான். எனக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும்.

சரி, வீடு மாறினால் என்ன கெட்டுப்போகும்? 9இல் இருந்த ஏ.பி.எல். என்ற ஜீன், 22இல் உள்ள பி.சி.ஆர். ஜீனோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஏ.பி.எல். ஒரு கைனேஸ். அதன் முன்முனை மடங்கிவந்து தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் மிதவை மாதிரி. இடம்மாறும்போது வெட்டுப்படுவது சரியாக அந்த முனைதான். போதாததற்கு, பி.சி.ஆர். பகுதி இந்தப் புரதங்களை நாலு நாலாகச் சேர்த்துக் கட்டுகிறது. அவை ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. மிதவை கழன்ற நாலு மோட்டார்கள், அதுவும் கூட்டாக! வெள்ளை அணுக்கள் சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் 11,000க்குள் இருக்கும். இந்த நோயில் ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு.

[காட்சி: ஒரு மாத்திரை, உள்ளங்கையில்.]

இமாடினிப். சி.எம்.எல்.லுக்கான மாத்திரை. பி.சி.ஆர்.-ஏ.பி.எல். ஒட்டி உருவான அந்தப் புரதத்தில் ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். மின்சாரமே வராத மோட்டார் எப்படி ஓடும்? 1998இல் பிரையன் ட்ரூக்கர் என்ற டாக்டரின் தலைமையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. முதல்கட்டச் சோதனையில் இப்படியொரு கணக்கு வருவதெல்லாம் அபூர்வம். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மற்ற புற்றுநோய்களுக்கும் இதே கதைதானா? பாதி ஆமாம். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. அதில் ஹெர்2 என்ற புரத ஸ்விட்ச் கெட்டுப்போவதில்லை, அளவுக்கு மீறி முளைத்துவிடுகிறது. கணையப் புற்றுநோயில் பெரும்பாலும் ராஸ் புரதம் ஆனிலேயே சிக்கிக்கொள்கிறது. வயிற்றில் வரும் ஜிஸ்ட் கட்டிகள் பலவற்றில் கோளாறு கிட் என்ற கைனேஸில். அதற்கும் இதே இமாடினிப் கேட்கும்! ஆனால் ஒரே மாத்திரையில் எல்லாம் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். இப்படி ஒற்றை ஸ்விட்சையே நம்பிப் பிழைக்கும் புற்றுநோய்கள் குறைவு.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு, அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு டெல்லி வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் இல்லை என்றது. அப்போது நோவார்ட்டிஸ் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. எண்ணிப் பாருங்கள், ஒரு பூஜ்ஜியமே குறைகிறது.

உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டுவந்தால், உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். மாத்திரை குழியில் உட்கார்ந்திருக்கும்வரைதான் மோட்டார் நிற்கும். சிலருக்கு அந்தக் குழியில் 315ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி, மாத்திரை உட்காரவே இடமில்லாமல் போகும். அங்கேயும் நுழையும் ஒரு மருந்து 2012இல் வந்தது, பெயர் பொனாடினிப். அதை அடுத்த வீடியோவில் பிரித்து மேய்வோம்.