பிளக் ஏன் சுடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருந்தால், அந்த இரண்டை வைத்தே மற்றதையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அப்படியென்றால் 2000-ஐ 230-ஆல் வகுங்கள்: 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் பாயிண்ட்டில் இதைச் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. 230-ஐ 8.7-ஆல் வகுக்க, 26.4 ஓம் சொச்சம்.

மாலையில் வோல்டேஜ் 200-க்கு இறங்கினாலும் எலிமெண்ட்டின் தடை அப்படியேதான் இருக்கும். கரண்ட் 7.6 ஆம்பியர் ஆகிவிடும், வாட் 1500-க்கு வந்துவிடும். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 16 நிமிடம் பிடித்தது, இப்போது 21 நிமிடம் பிடிக்கும். போர் மோட்டாருக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். லோடு ஓடும்போது வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும்; காயில் கருகுவது அதனால்தான்.

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று பித்தளை பின்னில் பச்சைக் களிம்பைப் படிய வைக்கும். களிம்போடு ஸ்க்ரூவும் தளர்ந்து, அந்த இணைப்பில் அரை ஓம் தடை கூடிவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 26.9 ஓம். கரண்ட் 8.5 ஆம்பியர். கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் அந்த இடத்தில் உண்டாகும் சூடு தெரியும்: 8.5 பெருக்கல் 8.5 பெருக்கல் அரை, சுமார் 36 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! அதைவிடக் கூடுதலான சூடு பிளக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது.

‘கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் போட்டிருக்கிறோமே, விழாதா?’ என்பார்கள். விழாது. கரண்ட் கூடவில்லை, 8.7-லிருந்து 8.5-க்குக் குறைந்துதான் இருக்கிறது. எம்சிபிக்குக் கரண்ட்தான் தெரியும், பிளக் உருகுவது தெரியாது.

கண்டுபிடிக்க உங்கள் விரலே போதும். ஹீட்டர் பத்து நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் வெளிப்பக்கத்தை மெல்லத் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் இணைப்பு கெட்டிருக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால், தண்ணீர் ஆறியபின் பிளக்கைக் கழற்றி, ஹீட்டரில் சுவிட்ச் இருந்தால் அதை ஆனில் வைத்து, ஃபேஸ், நியூட்ரல் பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 25-க்கும் 28-க்கும் நடுவே காட்டினால் எலிமெண்ட் நல்ல நிலையில் இருக்கிறது. தண்ணீர் சூடாக இருக்கும்போது பார்த்தால், சூடு போதுமானதும் கரண்ட்டைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் திறந்திருக்கும், மீட்டர் ஒன்றும் காட்டாது. எலிமெண்ட் போய்விட்டதென்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதீர்கள். ஓடும்போது கரண்ட் பார்க்க கிளாம்ப் மீட்டர் வேண்டும். அதை ஒரே ஒரு ஒயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் வரும். இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பழுது பார்க்கும்போது மெயினை அணைத்துவிட்டு, கறுத்துப்போன ஒயர் நுனியைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. சூட்டில் சாக்கெட்டுக்குள் இருக்கும் தகடு தொய்ந்து பிடிப்பு விட்டிருக்கும். அதையும் மாற்றாவிட்டால் புது பிளக்கும் சீக்கிரமே கருகிவிடும்.