ஆறு மாதத்துக்கு ஒரு ‘ரினியூவல்’

வணக்கம் நேயர்களே. மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பழுது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் பழுதே இருக்காது. திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ‘ஆக்டிவேட் விண்டோஸ்’, அதாவது விண்டோஸ் உரிமத்தை உறுதி செய்யுங்கள், என்று நிற்கும். அதற்குத்தான் அத்தனை கலவரம்.

அந்த எழுத்து வந்ததால் உங்கள் பேத்தியின் போட்டோவோ வருமான வரிக் கணக்கோ அழிந்துவிடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திரையின் பின்னணிப் படம், நிறம் போன்ற அலங்காரங்களை மாற்ற விடாது, அவ்வப்போது நச்சரிக்கும். ஆகவே “உடனே வராவிட்டால் எல்லாம் போய்விடும்” என்று யாராவது போனில் மிரட்டினால் நம்பாதீர்கள்.

செம்பூரில் ஒரு மாமி சொன்னதைக் கேளுங்கள். “கம்ப்யூட்டர் வாங்கறச்சயே ஒரிஜினல் விண்டோஸ்னு தனியா காசு வாங்கிண்டான். ஆறு மாசம் ஆனா அது போயிடறது. கடைப் பையன் வந்து, ரினியூவல் மாமின்னு மறுபடி வாங்கிண்டு போறான்.”

வீட்டு விண்டோஸுக்கு ரினியூவல் என்று ஒன்று கிடையாது. பெரிய அலுவலகங்களுக்கு மொத்தமாக விற்கிற உரிமத்தில் கேஎம்எஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அந்த அலுவலகத்தின் சர்வரோடு, அதாவது மையக் கம்ப்யூட்டரோடு, பேசி ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒருமுறை பேசினால் 180 நாள் செல்லும். அலுவலகத்துக்குள் இது தானாக நடந்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. செம்பூர் ஃபிளாட்டில் அந்த சர்வர் ஏது? அதற்குப் பதிலாகத்தான் கடைப் பையன் நடந்து வருகிறான்! மாமி ஏமாந்தது பணத்தில் மட்டுமல்ல. காசு கொடுத்தும் டூப்ளிகேட் வைத்திருப்பவர் ஆகிவிட்டார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று பார்க்க வழி உண்டு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர், ஓர் இடைவெளி, முன்பக்கம் சாய்ந்த கோடு, எக்ஸ், பி, ஆர். என்டர் தட்டுங்கள். ‘பெர்மனன்ட்லி ஆக்டிவேட்டட்’ என்று வந்தால் கெடு எதுவும் இல்லை. ‘வால்யூம்’, அதாவது மொத்த உரிமம், என்ற சொல்லோடு ஒரு தேதி வந்தால், கடைக்காரரிடம் பில்லோடு போக வேண்டிய நேரம்.

முறையாக வாங்கினவர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. புதுக் கம்ப்யூட்டரோடு வரும் ஓஇஎம் உரிமம், உள்ளே இருக்கும் முக்கிய அட்டையான மதர்போர்டோடு கட்டுண்டது. லோக்கல் ரயில் சீசன் பாஸை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாதது மாதிரி, இதை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது. தனியாக வாங்கும் ரீடெய்ல் உரிமத்தை மட்டுமே வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகலாம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் விலை பேசும்போது இந்த இரண்டில் எது என்று கேட்டு, அதைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

உரிமத்துக்கான 25 எழுத்துச் சாவியை டைப் அடிக்கும்போது பூஜ்யமா ஓ-வா என்று கண்ணைக் கசக்க வேண்டாம். விண்டோஸ் சாவியில் அவை இரண்டுமே வராது; ஒன்று என்ற எண்ணும் ஐ எழுத்தும்கூட வராது. ஆனால் எட்டும் பி-யும் வரும், அங்கே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி லேப்டாப்பாக இருந்தால், விண்டோஸ் 8 காலத்திலிருந்து சாவி உள்ளே சிப்பிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி போடும்போது அதுவே எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆக்டிவேட் ஆகவில்லையா? மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் அது தீர்ந்துபோனால், மெயின் சுவிட்சை அணைத்ததும் கடிகாரம் சில வருஷம் பின்னால் ஓடிவிடும். தேதி ஒத்துப்போகாத கம்ப்யூட்டரோடு, இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கும் மைக்ரோசாஃப்ட் சர்வர் ஒழுங்காகப் பேசாது. விண்டோஸை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துச் சலித்தவர்கள், அந்தச் சின்ன பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்துவிட்டு இன்னொரு தடவை முயன்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.